வாங்கத் தெரியாத ஒன்பதாம் நம்பர்

ஏப்ரல் 21, திங்கள்

ஈஸ்டர் முடிந்த மறுநாளே பயிற்சி. எங்கள் பயிற்சியாளர் டார்வின் அண்ணன் ஐஸ் கம்பெனியில் மிஞ்சிய டைரிகளை வாங்கி வந்து ஆளுக்கொன்று கொடுத்தார். பாத்திமா மாதா திருவிழாக் கோப்பை முடியும் வரை தினமும் எழுத வேண்டுமாம்: என்ன ஓடினோம், என்ன தின்றோம், எங்கே தப்பு பண்ணினோம். மற்றவர்கள் எழுத மாட்டார்கள். இந்நேரம் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அதில் கிறுக்கிக்கொண்டிருக்கும். நான் எழுதுவேன். நான் ஒன்பதாம் நம்பர்.

பெயர் கஸ்பார். தொழில் சங்கு குளிப்பது. எங்கள் ஊர் சீ ஸ்டார் அணிக்குக் கோல் அடிப்பவன் பல வருடமாக நான்தான். இந்த வருடம்தான் கடைசி என்று எனக்கே தெரியும். முப்பத்தொன்று ஆகிறது, முழங்கால் முனகுகிறது. போகிற வருடத்தில் கோப்பையைத் தூக்கிவிட்டுப் போக வேண்டும். வேறு ஆசை இல்லை.

ஓடியது: கடற்கரையில் ஆறு சுற்று. தின்றது: புட்டு, வாளை மீன். தப்பு: என்னுடையது இல்லை. நடுவில் ஆடும் ரெமி பந்தைக் கொடுக்கும்போது குரல் கொடுப்பதே இல்லை. முதுகுக்குப் பின்னால் ஆள் வந்தால் ‘ஆள்!’ என்று கத்த வேண்டும். பந்தை விட்டுவிடச் சொன்னால் ‘விடு!’ என்று கத்த வேண்டும். எங்கள் ஊரில் பல் முளைக்காத பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. கேட்டால், “கத்துனேனே அத்தான்” என்கிறான். ரெமி என் மனைவி மெட்டில்டாவின் தம்பி. அதனால் கூடுதலாக ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 23, புதன்

முதல் ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று. ஜெயித்திருக்க வேண்டியது.

ரெமி எனக்குக் கொடுத்த பந்துகளில் பாதி காலுக்கு வந்தது, பாதி எதிராளி காலுக்குப் போனது. இடப் பக்கமிருந்து ஒரு பயல் வந்து என் காலடியில் இருந்து பந்தைக் கொத்திக்கொண்டு போனான். பேய் மாதிரி வந்தான். யாரும் ஒரு சத்தம் கொடுக்கவில்லை.

சாயங்காலம் இன்னாசியின் சலூனில் பட்டிமன்றம். இன்னாசி சவரக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டுதான் கால்பந்து பேசுவான். அதனால் நாற்காலியில் இருப்பவன் எதிர்த்துப் பேசுவதில்லை.

“சின்னச் சின்னப் பாஸா குடுத்து ஆடுறதுக்கு நமக்கு ஆள் இல்லல. தூக்கி அடிக்கணும், ஓடணும்,” என்றான்.

“ரெமி பாஸுக்கு என்ன குறை? நூல் பிடிச்ச மாதிரி வருது. வாங்குறவன் வாங்கணும்லா?” என்றது ஒரு குரல்.

வாங்குகிறவன் நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். “வாங்குறவன் கால்ல காந்தமா வச்சிருக்கான்? குடுக்கிறவன் சொல்லிட்டுக் குடுக்கணும்,” என்றேன். எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஒரே இரைச்சல். யார் என்ன சொன்னார்கள் என்றே பிரிக்க முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

முழங்காலுக்கு எண்ணெய். வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 26, சனி

வள்ளத்தில் கடலுக்குப் போனோம். நான் இறங்குவேன், ரெமி மேலே இருந்து என் இடுப்புக் கயிற்றைப் பிடிப்பான். போன வருடம் வரை அவனும் என்கூட இறங்கிக்கொண்டிருந்தான். தண்ணீருக்கடியில் வாய் எதற்கும் உதவாது. கையால்தான் பேச்சு. முஷ்டி பிடித்தால் ‘அங்கேயே நில், ஆபத்து’. உள்ளங்கையை விரித்துக் காட்டினால் ‘தடையில்லை, வா’. விரலை வெளியே நீட்டினால் ‘ஓரமாகப் போ’. நாங்கள் இரண்டு பேரும் அதில் நன்றாகச் சண்டை கூடப் போட்டிருக்கிறோம்.

இன்று ரெமி இறங்க விடவே இல்லை. “தண்ணி கலங்கலா இருக்கு அத்தான். சங்கு கண்ணுக்கு ஆம்புடாது.” எனக்கு அடிமணல் வரை தெரிந்தது. புதன்கிழமை காற்று சரியில்லை என்றான், போன வாரம் கயிறு நைந்திருக்கிறது என்றான். சோம்பேறிப் பயல். ஆட்டத்திலும் அப்படித்தான், கடலிலும் அப்படித்தான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இரண்டாவது ஆட்டம். ஒன்று பூஜ்யம். ஜெயித்தோம். ஆனால் என் மனசு சரியில்லை.

நான் அடித்த கோல் அது இல்லை. நான் அடித்தது வேறு. பின்காவலர்கள் இரண்டு பேரையும் தாண்டிப் போய், கோல்கீப்பரையும் படுக்க வைத்து, நிதானமாக உள்ளே தட்டி, சட்டையைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு கொடிக்கம்பம் வரை ஓடினேன். திரும்பிப் பார்த்தால் மைதானமே நின்றுகொண்டிருக்கிறது. இடப் பக்கமிருந்து நடுவர் மஞ்சள் அட்டையை நீட்டிக்கொண்டு வருகிறார். ஆஃப்சைடு விசில் எப்போதோ ஊதிவிட்டாராம்.

“விசில் ஊதின பெறவும் அடிக்கிற? நக்கலா?” என்றார்.

அந்த மனிதரின் விசிலில் கோளாறு. உள்ளே உருளும் பட்டாணி தேய்ந்து போயிருக்கும். பின்காவலர்கள் ஏன் நின்றார்கள் என்று இப்போது யோசித்தால் குழப்பமாக இருக்கிறது. யோசிக்கவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

மெட்டில்டாவோடு சண்டை. ஆக்னஸுக்கு ஏழு மாதம். இராத்திரியில் அழுதால் நான் எழுந்து தொட்டிலை ஆட்டுவதில்லையாம். “கல்லு மாதிரி கெடக்கீங்க,” என்றாள். உழைக்கிறவன் தூங்காமல் என்ன செய்வான்? வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் எனக்கு உலகமே தெரியாது, அப்படி ஒரு தூக்கம். அது ஒரு வரம்.

முன்பெல்லாம் அவள் எனக்கு இடப்பக்கம்தான் படுப்பாள், தொட்டிலை ஒட்டி. சில மாதமாக வலப்பக்கம் வந்துவிட்டாள். கேட்டதற்கு, அந்தப் பக்கம்தான் மின்விசிறிக் காற்று நன்றாக வருகிறது என்றாள். பெண்கள் மனசு.

தலையணை உறையில் மஞ்சளாக ஒரு கறை. எண்ணெயாக இருக்கும்.

ஏப்ரல் 30, புதன்

இன்று ரெமி பேச்சைக் கேட்காமல் இறங்கினேன். ஐந்து பாகம், அதாவது முப்பது அடிகூட ஆழம் இருக்காது. திடீரென்று கடல் சுற்றியது. எது மேலே எது கீழே என்று தெரியவில்லை. மேலே போகிறேன் என்று நினைத்து நீந்தினேன், கையில் மணல் தட்டியது. நல்லவேளை, ரெமி கயிற்றை இழுத்துவிட்டான். நான் சைகை கொடுக்காமலே இழுத்தான்.

வள்ளத்தில் வாந்தி எடுத்தேன். காலையில் சாப்பிடாமல் போனதுதான் காரணம். ரெமி என் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். அழுகிற மாதிரி இருந்தது அவன் முகம். எதற்கு இப்படிப் பயப்படுகிறான் என்று தெரியவில்லை.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அதை எழுதிவிடுகிறேன்.

மே 2, வெள்ளி

கோயில் மண்டபத்தில் கமிட்டி கூடியது. அரையிறுதிக்கு முன் ஒரு வெளியூர் ஆளை இறக்கலாம் என்பது போட்டி விதி, ஒரே ஒரு ஆள். யாருக்குப் பதில் என்பதுதான் பேச்சு.

டார்வின் அண்ணன் சுற்றி வளைக்கவில்லை. “கோல் விழ மாட்டேங்கு. ஒண்ணு பாஸ் சரியில்ல, இல்ல வாங்குறது சரியில்ல. ரெமிய எடுக்கணும், இல்ல கஸ்பார எடுக்கணும். ரெண்டு பேரும் இருக்கீங்க, சொல்லுங்கல.”

கடைசி வருடம். ஒன்பதாம் நம்பர் பனியனை எவனோ ஒருவன் மாட்டிக்கொண்டு நிற்பதை நான் மைதானக் கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டுமா? நான் பேசினேன். நிறையவே பேசினேன். ரெமி குரல் கொடுப்பதில்லை, நேரம் தெரிந்து தட்டுவதில்லை, சோம்பல் என்றெல்லாம் சொன்னேன். கடலிலும் சோம்பல் என்றுகூடச் சொல்லிவிட்டேன். அது தேவையில்லை.

“நீ என்னல சொல்லுத?” என்று அண்ணன் ரெமியைக் கேட்டார்.

ரெமி என்னைப் பார்த்தான். பிறகு தன் காலைப் பார்த்தான். “அத்தான் சொல்லுறது சரிதாம்ணே. என் பாஸ்தான் சரியில்ல.”

முடிந்தது. நான் உள்ளே, அவன் வெளியே, மாற்று ஆட்டக்காரர்களோடு. வீட்டுக்கு வந்தால் மெட்டில்டா சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுக்கு அதற்குள் செய்தி வந்திருக்கிறது.

மே 3, சனி

நாகர்கோவில் பக்கமிருந்து ஷாஜின் என்று ஒரு பையன் வந்திருக்கிறான். நல்ல கால். நல்ல சிரிப்பு. ரெமி அவனுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மே 4, ஞாயிறு

காலையில் கொடியேற்றம். சாயங்காலம் அரையிறுதி. டைபிரேக்கரில் தப்பித்தோம். நம் கோல்கீப்பர் புண்ணியம்.

நான் ஆடியதை ஆட்டம் என்று சொல்லக் கூடாது. ஷாஜினும் குரல் கொடுக்காமலே பந்தைத் தட்டுகிறான். ரெமிக்கு மேல் ஊமை. மூன்று முறை என் பின்னால் ஆள் நின்றது தெரியாமல் திரும்பி, பந்தைப் பறிகொடுத்துவிட்டு நின்றேன்.

சலூனில் அதையே சொன்னேன். “புதுப் பயலும் வாயத் தொறக்க மாட்டேங்கானே.”

இன்னாசி கத்தியைக் கீழே வைத்தான். அவன் கத்தியைக் கீழே வைத்து நான் பார்த்ததே இல்லை.

“அவனா? ஏல, அவன் போடுற சத்தம் மாதா சிலை இருக்க கெபி வரைக்கும் கேக்கு. எம் பொண்டாட்டி அடுப்படில இருந்து யாருங்க அது தொண்டை கிழியக் கத்துறதுன்னு கேட்டா.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வெளியே வந்து, வீடு வரும் வரை யாருக்கும் முகம் கொடுக்கவில்லை.

மே 5, திங்கள்

ஆக்னஸின் கிலுகிலுப்பையை எடுத்து இடது காதின் பக்கம் வைத்து ஆட்டினேன். உள்ளே மணி உடைந்து போயிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு வலது காதில் வைத்து ஆட்டினேன்.

மே 6, செவ்வாய்

எழுதப் பிடிக்கவில்லை.

மே 7, புதன்

கடலுக்குப் போனோம். நான் இறங்கவில்லை. கயிற்றைக் கட்ட வந்த ரெமியின் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

“எனக்கு இடப் பக்கம் போய் உக்காந்து ஏதாவது சொல்லு மாப்ள. நான் உன்னைப் பாக்க மாட்டேன்.”

போய் உட்கார்ந்தான். நான் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயில் கோபுரம், அதற்குப் பக்கத்தில் மைதானத்துக் கம்பம். அலையின் சத்தம் வலப் பக்கம் மட்டும் இருந்தது. வெகுநேரம் கழித்துத் திரும்பினேன். அவன் வாய் மூடியிருந்தது.

“சொல்லிட்டியா?”

“ரெண்டு தடவ சொல்லிட்டேன்.”

“என்ன சொன்ன?”

“இத்தன நாளா மனசுல வச்சிருந்தத எல்லாம் சொன்னேன்,” என்று சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். மாசி மாதம் நான் சளியோடு இறங்கிய நாளிலிருந்து என்றான். மூக்கடைப்பு இருக்கும்போது இறங்கக் கூடாது என்று கடல் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். உள்ளே போகப் போகக் காதை அழுத்தும். மூக்கைப் பிடித்து ஊதினால் அழுத்தம் விடும், சளி இருந்தால் விடாது. அன்று நல்ல சங்கு கிடைக்கிற நாள் என்று நான் இறங்கினேன். உள்ளே ‘டப்’ என்றது. மேலே வந்தபோது காதில் இரத்தம். சங்கு கீறிவிட்டது என்று நான்தான் சொன்னேன். துடைத்துவிட்டது ரெமி.

“கமிட்டில ஏம்ல சொல்லல?”

“சொன்னா உங்கள எடுத்திருவாவ. இதுதான் கடைசி வருசம்னு நீங்கதான சொன்னிய. எனக்கு இன்னும் எத்தனையோ வருசம் கெடக்கு.”

நான் அவனைச் சோம்பேறி என்று சொன்னது கோயில் மண்டபத்தில் முப்பது பேர் முன்னால். அவன் தலையைக் குனிந்தது என் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

“இறுதி ஆட்டம் முடியட்டும். அதுக்குப் பெறவு டாக்டர்ட்ட போவோம். அது வரைக்கும் தண்ணில இறங்க விட மாட்டேன். அக்கா மேல சத்தியம்,” என்றான்.

சரி என்றேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன். எனக்கு வெட்கமே இல்லை.

மே 9, வெள்ளி

பயிற்சி. ஷாஜின் உதட்டையே பார்த்துக்கொண்டு ஆடினேன். உதட்டைப் பார்த்தால் பந்து தெரியவில்லை. பந்தைப் பார்த்தால் உதடு தெரியவில்லை. டார்வின் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன். “சாப்பாட்ட ஒழுங்கா சாப்பிடுல, முகம் காஞ்சு கெடக்கு,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மே 10, சனி

மெட்டில்டா பனியனைத் துவைத்துக் காயப் போட்டிருக்கிறாள். கொடியில் ஒன்பது ஆடிக்கொண்டிருக்கிறது. சோறு இறங்கவில்லை.

மே 11, ஞாயிறு

முழுதாக எழுதுகிறேன்.

ஊர் முழுக்க மைதானத்தில். பெண்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் மதில் மேல். மெட்டில்டா ஆக்னஸைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். ரெமி தண்ணீர் வாளியோடு கோட்டோரம் நின்றான். அவன் பின்னால் நின்ற விடலைகள், “பாஸ் தெரியாதவனுக்கு வாளி தெரியுதா பாரு,” என்று கேலி செய்ததை நான் கேட்கவில்லை, வாயசைவில் பார்த்தேன். இந்த ஒரு வாரத்தில் அதைப் படிக்கப் பழகியிருக்கிறேன்.

தொடக்கத்திலேயே எங்களுக்கு ஒரு கோல் விழுந்தது. எனக்கு வந்த பந்தெல்லாம் போச்சு. அப்போது தற்செயலாகக் கோட்டோரம் பார்த்தேன். ரெமி வாளியைக் கீழே வைத்துவிட்டு முஷ்டி பிடித்துக் காட்டினான். நில், ஆபத்து. நான் பந்தைத் தொடாமல் உடம்பை மட்டும் கொடுத்தேன். பின்னால் வந்தவன் என் முதுகில் மோதி விழுந்தான். அடுத்த முறை உள்ளங்கை. தடையில்லை. திரும்பினேன், உண்மையாகவே யாரும் இல்லை. அடித்தேன், கம்பத்தில் பட்டு வெளியே போனது. ஊர் எழுந்து நின்றது.

டார்வின் அண்ணன் அதைப் பார்த்துவிட்டார், ஆனால் தப்பாகப் பார்த்தார். “ஏல ரெமி, கோட்டுல நின்னு என்னல கூத்து காட்டுத? ஆடுறவன் கவனத்தைக் கலைக்கியா? எடம் கெடைக்கலன்னு வயித்தெரிச்சலா?” என்று அவனைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளினார். கூட்டம் ஓவென்றது. ரெமி வாளியை எடுத்துக்கொண்டு போனான். இரண்டாவது தடவையாக எனக்காகத் தலை குனிந்து போனான்.

இடைவேளை. எலுமிச்சம்பழத் துண்டு கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை.

“அண்ணே, எனக்கு இடது காது கேக்காது,” என்றேன்.

“என்னது?”

“மாசில இருந்து கேக்காது. சுத்தமா. ரெமி பாஸ்ல ஒரு குறையும் இல்ல. அவன் கத்துனான், எனக்குத்தான் கேக்கல. இந்த இரைச்சல்ல இடப் பக்கமா வர்ற சத்தம் எதுவும் பிரியல, இப்ப ஷாஜின் கத்துறதும் கேக்கல. ரெமிக்கு எல்லாம் தெரியும், என் பேருக்காகத்தான் வாய மூடிட்டு வெளிய போனான். நான் அவன சோம்பேறின்னு சொன்னது பொய். என்ன எடுத்துட்டு அவனப் போடுங்க.”

சொல்லும்போதே பனியனைக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன். அதற்கு மேலும் அதைப் போட்டிருந்தால் அழுதிருப்பேன்.

அண்ணன் என் பனியனைப் பிடித்துக் கீழே இழுத்தார். அவருக்கு வந்த கோபத்தில் வாயில் நல்ல வார்த்தை எதுவும் வரவில்லை, அதையெல்லாம் எழுத முடியாது. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். “வலது காது கேக்குமா?”

“கேக்கும்.”

“கூறுகெட்ட பயலே. இடது காது கேக்காதவன இடது ஓரத்துல போட்டா மைதானம் பூரா வலது காதுப் பக்கந்தானல இருக்கும்? முதல்லயே சொல்லிருந்தா அங்கயே நிறுத்திருப்பேன். நாலு ஆட்டத்த நாசமாக்கிட்டு இப்ப வந்து சொல்லுதான்!”

அவ்வளவு சின்ன விஷயம். மாசியிலிருந்து நான் செத்துச் செத்துப் பிழைத்தது இவ்வளவு சின்ன விஷயத்துக்கு.

ஷாஜினை நடுவிலிருந்து முன்னால் தள்ளினார். சோர்ந்து போயிருந்த இடது ஓரத்துப் பையனை உட்கார வைத்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்து, “ரெமி, வாளியக் கீழ வையி, பூட்ஸ மாட்டு,” என்றார். அவன் தோளில் கை வைத்து அழுத்தினார், அவ்வளவுதான்.

இடது ஓரத்தில் நின்றேன். என்ன ஒரு சத்தம்! கூட்டம், மேளம், ஷாஜின் தொண்டை, எல்லாம் வலப் பக்கமிருந்து வந்தது. ரெமி பந்தை வாங்கியதும் என்னைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. விரலை வெளியே நீட்டினான். ஓரமாகப் போ. ஓடினேன். பந்து என் ஓட்டத்துக்கு முன்னால் வந்து விழுந்தது, நூல் பிடித்த மாதிரி. உள்ளங்கை. திரும்பி அடித்தேன்.

பந்து வலைக்குள் போனதைப் பார்த்தேன். ஆனால் ஓடவில்லை, சட்டையைச் சுழற்றவில்லை. நடுவரின் வாயைப் பார்த்தேன், அதில் விசில் இருக்கிறதா என்று. எனக்கு அந்த அளவுக்குப் பயம். ரெமி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வருவதைப் பார்த்த பிறகுதான் அது கோல் என்று நம்பினேன்.

ஒன்றுக்கு ஒன்று. டைபிரேக்கரில் தோற்றோம். கோப்பையை வேறு ஊர்க்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் மைதானத்தில் உட்கார்ந்து அழுதேன். கோப்பைக்காகத்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

மே 12, திங்கள்

சலூனில் இப்போது கோல்கீப்பர்தான் குற்றவாளி. பாவம், அவன் கொஞ்ச நாளைக்கு முடி வெட்ட வர மாட்டான்.

ரெமியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். “எந்தப் பக்கம் நின்னு கேக்கிய, அதப் பொறுத்து அத்தான்,” என்று சிரித்தான். அவன் இடது காதில் சொன்னேன். அவனுக்கு அது நன்றாகக் கேட்கும்.

மே 13, செவ்வாய்

திருவிழாப் பூசை முடிந்ததும் மெட்டில்டாவும் ரெமியும் என்னை டாக்டரிடம் இழுத்துப் போனார்கள். செவிப்பறையில் ஓட்டை, சீழ் வேறு. அன்று கடல் சுற்றியது அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் போனதால்தானாம். சின்னதாக ஒரு ஆபரேஷன் செய்தால் ஓரளவு கேட்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். அது வரை தலையை நனைக்கவே கூடாது. கடலுக்குள் இறங்குவதைப் பற்றிப் பேச்சே எடுக்காதே என்றார். இனி ரெமி இறங்குவான், நான் கயிற்றைப் பிடிப்பேன். அவன் பிடித்த மாதிரி பிடிக்க முடியுமா என்று கவலையாக இருக்கிறது.

வரும் வழியில் மெட்டில்டாவிடம் சொல்ல வாயெடுத்தேன், உன்னிடமும் மறைத்துவிட்டேன் என்று.

“எங்கிட்ட என்னத்த மறைச்சீங்க? மாசில ஒரு நாள் பிள்ள அலறுது, தொட்டில் உங்க தலமாட்டுலதான் இருக்கு, நீங்க அசையல. மறுநாளே பாய மாத்திப் போட்டேன். எனக்கென்ன காத்து வேண்டிக் கெடக்கு? நான் சொல்லுறது உங்களுக்குக் கேக்கணும்னுதான்.”

“பின்ன ஏன் கல்லு மாதிரி கெடக்கீங்கன்னு வஞ்ச?”

“நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

வீட்டுக்கு வந்ததும் தொட்டிலை அவிழ்த்தேன். உத்தரத்தில் வலப் பக்கம் ஒரு கொக்கி அடித்து, என் வலது காதுக்கு நேராகக் கட்டினேன். இனி இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கப் பழக வேண்டும். இன்று ஆக்னஸ் அழுதால் நான்தான் எழுவேன்.